வரலன்னா வரல

அத்தியாயம் 14

புள்ளி அன்று பல் தேய்க்கும்போதே பேச ஆரம்பித்துவிட்டாள். கண்ணாடியைப் பார்த்து, வாய் நிறைய நுரையோடு, "அனைவருக்கும் வணக்கம்" என்று மூன்று விதமாகச் சொல்லிப் பார்த்தாள். மூன்றும் பேருந்து நிலைய அறிவிப்பு மாதிரியே இருந்தன. வெளியே வாளியோடு காத்திருந்த அம்மா, வணக்கமெல்லாம் போதும், வழியை விடு என்றாள்.

அன்று வீட்டில் இரண்டு பேருக்குப் பரீட்சை. அம்மாவுக்கு மதியம், கார் ஓட்டும் உரிமத்துக்கு. இந்த வயதில் கார் கற்றுக்கொள்ள என்ன அவசரம் என்று கேட்டவர்கள் எல்லாருக்கும் அவள் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்: இன்னும் தள்ளிப் போட்டால்தான் அவசரப்பட வேண்டியிருக்கும். புள்ளிக்கு நாலு மணிக்கு, அலுவலகத்தில், பெரிய திரைக்கு முன்னால்.

புள்ளி என்பது வீட்டுப் பெயர். குறைமாதத்தில் பிறந்தவள். மருத்துவமனையில் கண்ணாடிப் பெட்டிக்குள் எட்டிப் பார்த்த அண்ணன், "உள்ள ஒரு புள்ளிதான் இருக்கு" என்று எல்லாரிடமும் சொல்லிவைத்தான். பெயர் ஒட்டிக்கொண்டது. இப்போது அவள் செய்வதும் புள்ளி வைக்கும் வேலைதான். பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டதும் வாசிக்கச் சொல்லித்தரும் ஒரு தொண்டு நிறுவனத்தில் மூன்று மாதப் பயிற்சி. பன்னிரண்டு வாசிப்பு மையங்களிலிருந்து வாராவாரம் வரும் தகவல்களைப் படமாக்கித் தர வேண்டும். எண்களைக் காட்டினால் கொட்டாவி விடுகிறவர்கள் படத்தைக் காட்டினால் நிமிர்ந்து உட்காருவார்கள். அந்த நிமிர்த்தும் வேலை அவளுடையது.

சென்ற வாரம் அவள் தலையில் விழுந்தது இதுதான். அடுத்த வருடம் பதினொரு மையங்களுக்குத்தான் நிதி கிடைக்கும். ஒன்றை மூட வேண்டும். எதை என்பது அவள் படத்தைப் பார்த்து முடிவாகும். படத்தில் கடைசியில் கிடப்பது பேக்கரி மாடி மையம். பேக்கரி மாடி மையத்தின் டீச்சர், அவள் அண்ணி.

இந்த உறவு அலுவலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விண்ணப்பம் போடச் சொன்னதே அண்ணிதான். என் பெயரை இழுக்காதே, உன் காலிலேயே நில் என்று சொன்னதும் அவள்தான். புள்ளி நின்றாள். அந்தக் கால்தான் இப்போது அண்ணியின் பிழைப்பை மிதிக்கப் போகிறது.

அலுவலக விஷயத்தை வீட்டுக்குக் கொண்டுபோகக் கூடாது என்பது கட்டளை. அதனால் ஒரு வாரமாகப் புள்ளி அண்ணியின் முகத்தைப் பார்க்காமல் அவள் காதுத் தோட்டைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தாள்.

"இன்னைக்கு உனக்கு ஏதோ பெரிய கூட்டமாமே" என்றாள் அண்ணி. குரல் கரகரத்தது. தினமும் தொண்டை கட்டித்தான் வீடு திரும்புவாள்.

ஆமாம் அண்ணி என்று தோட்டிடம் சொன்னாள் புள்ளி.

"நல்லாப் பண்ணு. வேகமாப் பேசாதே. நீ வேகமாப் பேசினா உனக்கே புரியாது."

பிள்ளைகளே வராத அறையில் அண்ணி யாரைப் பார்த்துக் கத்தித் தொண்டையைக் கட்டிக்கொள்கிறாள் என்று புள்ளி அப்போதே யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. காலி அறையில் உட்கார்ந்துவிட்டு வருகிறாள், வெட்கத்தில் வீட்டில் சொல்வதில்லை என்று அவளாகவே ஒரு கதை கட்டி, அதற்காக இரண்டு இரவு அழுதும் முடித்திருந்தாள். வேலை எப்படிப் போகிறது என்று யார் கேட்டாலும் அண்ணி "போகுது" என்று மட்டும் சொல்வது அந்தக் கதைக்கு வசதியாக இருந்தது.

ஆனால் உண்மையைச் சொல்ல வேண்டும். குற்ற உணர்ச்சிக்கும் குஷிக்கும் இருப்பது ஒரே வயிறு. அன்று காலை குஷிதான் முந்திக்கொண்டது. மூன்று மாதம் கண் வலிக்க வலிக்கச் செய்த படம். அவள் வாழ்க்கையில் செய்த எதுவும் இவ்வளவு அழகாக வந்ததில்லை. பேருந்தில் இடம் கிடைத்தும் உட்காரத் தோன்றாமல் நின்றுகொண்டே போனாள்.

அலுவலகம் முன்பு செருப்புக் கடையாக இருந்த இடம். கடை போய்விட்டது, சுவரோடு பதித்த கால் கண்ணாடிகள் போகவில்லை. யார் உள்ளே வந்தாலும் முதலில் முழங்காலுக்குக் கீழேதான் தெரியும். பளபளப்பான கறுப்பு ஷூ வந்தால் ஃபார்மேட் சார்.

அவர்தான் புள்ளிக்கு மேலாளர். நல்ல மனிதர்தான். வாய் திறந்தால் இரண்டாவது வாக்கியத்தில் ஃபார்மேட் என்ற சொல் வந்துவிடும். எழுத்தின் அளவுக்கு ஒரு ஃபார்மேட், கோப்பின் பெயருக்கு ஒரு ஃபார்மேட், லீவு கேட்பதற்கு ஒரு ஃபார்மேட். அவருக்கு வயிற்று வலி வந்தபோதுகூட அதை மூன்று தலைப்புகளில் மின்னஞ்சல் அனுப்பியதாக ஒரு வதந்தி உண்டு.

மதியத்துக்கு முன்னால் ஓர் ஒத்திகை. நிறுவனத்தின் இயக்குனரான பெரிய மேடமும் வந்து உட்கார்ந்தார். புள்ளி விளக்கை அணைத்துவிட்டுப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் பன்னிரண்டு வட்டங்கள். ஒவ்வொன்றும் ஒரு மையம். வட்டத்துக்குள் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு புள்ளி. வாசிக்கவே தெரியாத பிள்ளை சிவப்பு. எழுத்து தெரிந்தால் மஞ்சள், சொல் வாசித்தால் ஆரஞ்சு, ஒரு வரி வாசித்தால் வெளிர்பச்சை, கதை வாசித்தால் கரும்பச்சை. மையத்துக்கு வராத பிள்ளை சாம்பல். பொத்தானை அழுத்தினால் வாரங்கள் ஓடும். மஞ்சள்கள் ஒவ்வொன்றாகப் பச்சைக்கு மாறும். மழைக்குப் பிறகு மைதானம் பச்சை கட்டுவதை வேகமாக ஓட்டிப் பார்ப்பது மாதிரி இருக்கும்.

பெரிய மேடம் மறுபடி ஓட்டச் சொன்னார். மறுபடியும். மூன்றாவது தடவை கைதட்டினார். அவர் கைதட்டி அந்த அலுவலகத்தில் யாரும் பார்த்ததில்லை.

கடைசி வட்டம் மட்டும் எத்தனை தடவை ஓட்டினாலும் சாம்பல். பேக்கரி மாடி. நடுவே நாலைந்து நிறப் புள்ளிகள் மினுங்கி, அவையும் ஒவ்வொன்றாய் மறைந்துபோயின.

"பாவம்" என்றார் பெரிய மேடம். பிறகு, இதற்கு மேல் என்ன யோசிக்க இருக்கிறது என்றார்.

சாப்பாட்டு நேரம். புள்ளி தட்டோடு உட்கார்ந்தாள். ஃபார்மேட் சார் எதிரே உட்கார்ந்து ரொட்டியை ஒரே அளவான சதுரங்களாகப் பிய்த்துக்கொண்டிருந்தார். கைபேசி அதிர்ந்தது. வீட்டுக் குழுவில் அண்ணனின் செய்தி. இரவு முழுக்கப் பார்சல் கிடங்கில் பெட்டி தூக்கிவிட்டு, தூங்காமல் அம்மாவைத் தேர்வு மைதானத்துக்குக் கூட்டிப்போயிருந்தான். தூக்கம் கெட்டவனுக்கு வார்த்தை சிக்கனம் தானாக வந்துவிடும். இவ்வளவுதான் எழுதியிருந்தான்:

"அம்மா வந்தாச்சு. ரிவர்ஸ் வரல."

புள்ளிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அம்மா முன்னே போவதில் கில்லாடி. பின்னால் எடுக்கச் சொன்னால் காரிடம் கோபித்துக்கொள்வாள். அதை யாரிடமாவது சொல்லியாக வேண்டும். எதிரே இருந்தவர் ஃபார்மேட் சார். கைபேசியைத் திருப்பிக் காட்டினாள்.

அவர் கவனமாகப் படித்தார். நெற்றியைச் சுருக்கினார்.

"அம்மா வந்துட்டாங்கல்ல. அப்புறம் யாரு வரல?"

"யாரும் இல்ல சார். ரிவர்ஸ் வரல. ரிவர்ஸ் எடுக்க வர..."

புள்ளி வாக்கியத்தை முடிக்கவில்லை. வாய் திறந்தபடி நின்றது.

அம்மா வந்தாச்சு. ரிவர்ஸ் வரல. ஆள் வந்திருக்கிறது. வித்தை வரவில்லை.

தட்டை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அவள் செய்த காரியம் சின்னது. மையங்களிலிருந்து வரும் தகவலில் ஒவ்வொரு டீச்சருக்கும் ஒரு பாஷை. பிள்ளை வராத அன்று ஒருவர் லீவு என்று போடுவார், ஒருவர் ஆப்சென்ட் என்பார், இன்னொருவர் வரவில்லை என்று இலக்கணமாக எழுதுவார். அத்தனையையும் ஒரே கூடையில் போட்டுச் சாம்பல் நிறம் கொடுக்கும்படி முதல் மாதமே கணினிக்கு ஒரு விதி எழுதி வைத்திருந்தாள். அந்தக் கூடையில்தான் "வரல" என்ற சொல்லையும் போட்டாள். வரவில்லை என்பதை அவசரத்தில் எழுதினால் வரல. இதில் யோசிக்க என்ன இருக்கிறது?

இப்போது "வரல" என்று தேடினாள். எல்லா வாரத்துத் தாள்களையும் பார்த்து முடிக்க மூன்று மணியாகிவிட்டது. பன்னிரண்டு மையங்களில் ஒரே ஒரு மையம்தான், பேக்கரி மாடிதான், அந்தச் சொல்லை எழுதியிருந்தது. பக்கம் பக்கமாக. அதே மையம், அதே பக்கங்களில், வேறு கட்டங்களில் "லீவு" என்றும் எழுதியிருந்தது.

வராத பிள்ளைக்கு லீவு என்று ஒரு சொல் கையில் இருக்கும்போது, வரல என்று இன்னொரு சொல் எதற்கு?

ஃபார்மேட் சாரைக் கூப்பிட்டுக் காட்டினாள். அவர் முகம் வெளுத்தது. ஆனால் அது பிள்ளைகளுக்காக இல்லை. கூட்டத்துக்கு முன்னால் கோப்பைத் தொடக் கூடாது, அதுதான் நம் ஃபார்மேட் என்றார். ஒரு ஊகத்தை வைத்துக்கொண்டு மேடம் கைதட்டிய படத்தை மாற்றுவாயா, நிச்சயமாகத் தெரியுமா என்று கேட்டார்.

நிச்சயமாகத் தெரியாது. அண்ணியின் கைபேசி அணைந்திருந்தது. வகுப்பு நேரத்தில் அதை எப்போதும் அணைத்துத்தான் வைப்பாள்.

"பார்த்துட்டு வந்துடறேன் சார்" என்றாள் புள்ளி. எங்கே என்று அவர் கேட்பதற்குள் கால் கண்ணாடிகளில் அவள் செருப்பு ஒவ்வொரு கண்ணாடியாகத் தாவி வாசலைத் தாண்டியது.

பேக்கரி மூன்று தெரு தள்ளி. நடந்தால் கொஞ்ச தூரம். அன்று அவள் நடக்கவில்லை. பள்ளிக்கூடம் விட்ட நேரம். தெருவெங்கும் பைகளும் சைக்கிள்களும். மூன்று மாதத்தில் ஒரு தடவைகூட அவள் அங்கே போனதில்லை. அண்ணியின் வேலையிடத்தில் தலைகாட்டினால் உறவு தெரிந்துவிடும் என்று பயம். புள்ளியாகப் பார்த்த பிள்ளைகளைப் பிள்ளைகளாகப் பார்க்க அவளுக்குத் தோன்றவும் இல்லை.

பேக்கரியின் பக்கவாட்டில் மாடிப்படி. முதல் படியிலேயே நின்றுவிட்டாள். செருப்புகள். படிக்குப் படி, சுவரோரம், ஒன்றின் மேல் ஒன்று, கைப்பிடிக் கம்பியில் மாட்டிய ஒன்று. கால் வைக்க இடம் தேடித் தேடி ஏறினாள். மேலே கதவு திறந்திருந்தது. அறை நெரிந்தது. ஜன்னல் திண்டில் இரண்டு பேர், அலமாரிக்கு மேல் ஒருவன். ரொட்டி வேகும் சூடு தரை வழியாக ஏறிக்கொண்டிருந்தது.

கரும்பலகை முன்னால் ஒரு சிறுமி. அண்ணி அவள் பின்னால் குனிந்து நின்றிருந்தாள்.

"வருதா?"

"வரல மிஸ்."

"நேத்து எவ்வளவு வந்தது?"

"பாதி."

"இன்னைக்குப் பாதிக்கு மேல ஒரு எழுத்து வந்தா போதும். சும்மா நில்லு, அதுவா வரும்."

இதற்கு மேல் அத்தாட்சி வேண்டியதில்லை. ஆனாலும் புள்ளி கேட்டாள். கேட்காமல் திரும்பினால் ஃபார்மேட் சார் விடமாட்டார். கதவருகே அவளைப் பார்த்த அண்ணிக்கு ஆச்சரியம்.

"அண்ணி, நீங்க வாரா வாரம் அனுப்பறதுல வரலன்னு எழுதறீங்கல்ல. அதுக்கு என்ன அர்த்தம்?"

"வரலன்னா வரல."

"யாரு வரல?"

"யாருன்னா? வாசிப்பு வரல. பிள்ளைதான் இங்க உக்காந்திருக்கே." அண்ணி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "ஏன், நீ என்னன்னு நினைச்ச?"

புள்ளி அப்புறம் சொல்கிறேன் என்று முனகிவிட்டுச் செருப்புகளுக்கு நடுவே இறங்கி ஓடினாள்.

திருத்துவதற்கு ஆன நேரம் ஒரு தும்மல் நேரம். விதியில் ஒரு சொல்லைச் சாம்பல் கூடையிலிருந்து எடுத்துச் சிவப்புக் கூடையில் போட வேண்டும். அவ்வளவுதான். ஃபார்மேட் சார் பின்னால் நின்று, ஃபார்மேட் என்ற சொல்லை மறந்து, சீக்கிரம் போடும்மா என்றார்.

போட்டாள்.

கடைசி வட்டம் பற்றிக்கொண்டது. சாம்பலாகக் கிடந்த புள்ளிகள் ஒன்றன்பின் ஒன்றாக, பிறகு கொத்துக் கொத்தாக எரிந்தன. வட்டத்துக்குள் இடம் போதாமல் புள்ளிகள் விளிம்பைத் தள்ளின. பன்னிரண்டு மையங்களில் அதிகப் பிள்ளைகள் வரும் மையம் எதுவென்று இனி யாரும் கேட்க வேண்டாம். புள்ளி நாற்காலியை விட்டு எழுந்து, தான் எழுந்ததையே கவனிக்காமல், மேசையில் இரண்டு கையாலும் தட்டினாள். ஃபார்மேட் சாரும் ஒரு தட்டு தட்டினார்.

"மூட முடியாது சார். இதை மூடவே முடியாது."

அவர் தலையாட்டினார். பிறகு மெதுவாக, எல்லாம் சிவப்பாக இருக்கிறதே என்றார்.

அப்போதுதான் புள்ளி அதைப் பார்த்தாள். நிறைந்த வட்டம். முழுக்கச் சிவப்பு. வாரங்களை ஓட்டினாள். மற்ற வட்டங்கள் பச்சை கட்டின. இது முதல் வாரமும் சிவப்பு, கடைசி வாரமும் சிவப்பு.

வராத பிள்ளைகளுக்காக யாரும் டீச்சரைக் குறை சொல்வதில்லை. தவறாமல் வரும் பிள்ளைகளுக்காகச் சொல்வார்கள்.

பழைய படத்தைக் காட்டினால் மையம் போகும். அண்ணியைப் பார்த்துப் பாவம் என்பார்கள். புதிய படத்தைக் காட்டினால் மையம் நிற்கும்; அண்ணி நிற்பாளா தெரியாது. சுவரில் மணி நாலு. வாசல் கண்ணாடிகளில் அறிமுகமில்லாத காலணிகள் வரிசையாக வந்துகொண்டிருந்தன.

புள்ளி புதிய படத்தைத்தான் போட்டாள். பெரிய தியாகம் என்று நினைக்க வேண்டாம். பழையது தப்பு. தப்பான படத்துக்கு முன்னால் நின்று அனைவருக்கும் வணக்கம் சொல்ல அவளால் முடியாது, அவ்வளவுதான்.

காலையில் ஒத்திகை பார்த்த வணக்கத்தைச் சொல்ல மறந்துவிட்டாள். நான் ஒரு சொல்லைத் தப்பாகப் படித்துவிட்டேன் என்றுதான் ஆரம்பித்தாள். அம்மாவின் ரிவர்ஸைச் சொன்னாள். நிதி தரும் இடத்திலிருந்து வந்திருந்த இருவரில் ஒருவர் வாய்விட்டுச் சிரித்தார். படிக்கட்டுச் செருப்புகளைச் சொன்னாள். வேகமாகப் பேசினாள், அவளுக்கே புரிந்தது. கடைசி வட்டம் திரையில் எரிந்தபோது எல்லாரும் நாற்காலியில் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்கள். இவ்வளவு பிள்ளைகளை எங்கே அனுப்புவது, இதை மூடும் பேச்சுக்கே இடமில்லை என்று பெரிய மேடம் சொன்னபோது, மேசைக்கு அடியில் புள்ளியின் கால்கள் தாமாகவே ஆடின.

சிரித்தவர் சிரிப்பை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பிள்ளைங்க வருது. தினமும் வருது. ஆனா வாசிப்பு வரல. அப்படின்னா..." அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "அந்த டீச்சருக்குச் சொல்லித்தர வரலயா?"

அதே சொல். மூன்றாவதாக ஓர் ஆள் மேல் போய் உட்கார்ந்தது.

யார் அந்த டீச்சர் என்று அவர் கேட்டார். பெரிய மேடம் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் புள்ளி சொல்லிவிட்டாள்.

"என் அண்ணி சார்."

ஃபார்மேட் சார் பேனாவைக் கீழே போட்டார். யாரும் எடுக்கவில்லை. பெரிய மேடம் புள்ளியை நீண்ட நேரம் பார்த்தார். மையம் இருக்கட்டும், டீச்சரை மாற்றுவதா என்று நாளைக் காலை பேசுவோம், அவரை நான் நேரில் வரச் சொல்கிறேன் என்று கூட்டத்தை முடித்தார்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா கூடத்தின் நடுவே இரண்டு நாற்காலிகளை முன்னும் பின்னுமாகப் போட்டு உட்கார்ந்து பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த வாரம் ரிவர்ஸுக்கு மட்டும் மறுதேர்வாம். மனுஷன் முன்னால் போவதற்காகத்தானே கார் வாங்குகிறான், பின்னால் போக நடந்தால் போதாதா என்று தேர்வு அதிகாரியிடமே கேட்டுவிட்டு வந்திருந்தாள். அண்ணன் கிடங்குக்குக் கிளம்பச் சட்டை மாட்டிக்கொண்டே, அந்த அதிகாரி பாவம், இன்னும் பேசியிருந்தால் அவரே வண்டியை அம்மாவிடம் கொடுத்துவிட்டு நடந்து போயிருப்பார் என்றான். புள்ளி சிரித்தாள். சிரிப்பு பாதியில் நின்றது. அண்ணி வாசலில் நின்றிருந்தாள்.

பெரிய மேடம் கூப்பிட்டுவிட்டார் என்பது முகத்திலேயே தெரிந்தது.

அண்ணி உட்காரவில்லை. பையைக்கூட இறக்கவில்லை.

"இத்தனை நாளா என் ரூம் காலின்னு நினைச்சிருக்க."

புள்ளிக்குத் தோட்டைப் பார்க்கத் தோன்றியது. கண்ணைப் பார்த்தாள். ஆமாம் என்றாள்.

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

"நீங்க போகுதுன்னு மட்டும்தானே சொல்வீங்க அண்ணி."

அண்ணனுக்கு எதுவும் புரியவில்லை. சட்டைப் பொத்தானைத் தப்பான ஓட்டையில் மாட்டிக்கொண்டு நின்றான். அம்மா நாற்காலியை ஓட்டுவதை நிறுத்தினாள். அண்ணி பையை இறக்கினாள். படத்தைக் காட்டு என்றாள்.

புள்ளி மடிக்கணினியைத் திறந்தாள். அண்ணி குனிந்து தன் வட்டத்தைப் பார்த்தாள். அழுவாள் என்று புள்ளி நினைத்தாள். அண்ணி ஒரு சிவப்புப் புள்ளியை விரலால் தொட்டு, இது யார் என்று கேட்டாள். புள்ளி வரிசை எண்ணைச் சொன்னாள்.

"நம்பரைச் சொல்லாதே. இது 'ஏன் மிஸ்'. எதைச் சொன்னாலும் ஏன் மிஸ்னு கேக்கறவன். இவன் பூங்கா மையத்துலேருந்து வந்தான். இது ஓரக்கண்ணு, இவளும் பூங்காதான். இது சந்தைப் பக்கம்." விரல் நகர்ந்துகொண்டே போனது. "ஒண்ணாவது என் தெருப் பிள்ளை இல்ல புள்ளி. எல்லாம் மத்த மையத்துல வாசிப்பு வராத பிள்ளைங்க. அங்கேருந்து என்கிட்ட அனுப்பினது."

யார் அனுப்பச் சொன்னது என்று கேட்டாள் புள்ளி.

"நான்தான்." அண்ணி முதல் முறையாகப் பார்வையைத் தாழ்த்தினாள். "எந்தப் பிள்ளைக்கு வரலையோ என்கிட்ட விடுங்க, நான் பாத்துக்கறேன்னு ஒரு மீட்டிங்ல வீராப்பாச் சொன்னேன். முதல்ல ரெண்டு மூணு வந்தது. அப்புறம் எல்லாரும் தள்ளிவிட ஆரம்பிச்சாங்க. போதும்னு சொல்ல வாய் வரல. சொன்னா நான் தோத்த மாதிரி ஆயிடும்."

"அப்போ யாருக்குமே வாசிப்பு வந்ததில்லையா?"

"வராம என்ன. ஒரு வரி வாசிச்சிட்டா அந்தந்த மையமே திரும்பக் கூப்பிட்டுக்கும். வீட்டுக்கும் அதுதானே பக்கம்."

புள்ளி திரையை மறுபடி பார்த்தாள். சிவப்பாக உள்ளே வருகிறார்கள். பச்சையானதும் வெளியே போகிறார்கள். போன பச்சை வேறு வட்டத்தின் கணக்கில் ஏறுகிறது. அண்ணியின் வட்டம் எந்த வாரம் பார்த்தாலும் சிவப்பாகத்தானே இருக்கும். காலையில் நடுவே மினுங்கி மறைந்த அந்த நாலைந்து புள்ளிகள் எங்கே போயின என்று அவள் கேட்கவே இல்லை. அவள் வரைந்தது நிற்கிற பிள்ளைகளை. நகர்கிற பிள்ளைகளை வரையவில்லை.

"அண்ணி, உக்காருங்க. ஒவ்வொண்ணா சொல்லுங்க. எங்கேருந்து வந்தது, எங்க போச்சு."

அண்ணி உட்கார்ந்தாள். 'ஏன் மிஸ்', ஓரக்கண்ணு, கொட்டாவி, அலமாரிக்காரன், பாதி. அண்ணி சொல்லச் சொல்லப் புள்ளி கோடு இழுத்தாள். அம்மா தன் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். இந்த முறை பின்பக்கமாகவே சரியாக எடுத்தாள். அண்ணன் வேலைக்கு நேரமாகிறது என்று சொல்லிக்கொண்டே போகாமல் நின்றான். திரையில் ஒரு புதிய படம் எழும்பிக்கொண்டிருந்தது. பதினொரு வட்டங்களிலிருந்தும் கோடுகள் பேக்கரி மாடிக்கு வந்து, திரும்பிப் போயின. அண்ணியே வாயடைத்துப் பார்த்தாள். இரண்டு வருடமாக அதற்கு நடுவில் உட்கார்ந்திருந்தவளுக்கே அது இவ்வளவு பெரியது என்று தெரிந்திருக்கவில்லை.

பாதிக்கு மேற்பட்ட கோடுகள் ஒரே வட்டத்தைத் தொட்டன. பூங்கா மையம். படத்திலேயே அதிகப் பச்சை அதுதான். வரும் விருந்தினர்களையெல்லாம் கூட்டிப்போய்க் காட்டும் மையம். பெரிய மேடம் பத்து வருடத்துக்கு முன்னால் தன் கையால் தொடங்கியது; இன்றும் அதன் பொறுப்பை வேறு யாரிடமும் கொடுக்காமல் வைத்திருப்பது.

அந்தப் பச்சையில் எவ்வளவோ அண்ணி திருப்பி அனுப்பியது. நாளைக் காலை அண்ணி அதே மேடத்துக்கு முன்னால்தான் போய் நிற்க வேண்டும்.

"இதை யாரு காட்டப் போறது?" என்றாள் அண்ணி. "நீயா, நானா?"

புள்ளி, திரும்பிப் போகும் கோடுகளுக்கு எந்தப் பச்சை எடுப்பாக இருக்கும் என்று ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள்.